மூன்றாவது பாட்டின் வேகம்

ஒத்திகையில் மூன்றாவது பாட்டு வந்ததும் ப்ளாட்டோன் மறுபடியும் பியானோவில் ஓட ஆரம்பித்தார். தாளில் 'மிக மெதுவாக' என்று எழுதியவரே அவர்தான்.

"ரயிலா புடிக்கப் போறீங்க?" என்றேன்.

"இந்த வேகந்தான் நல்லா இருக்கு, தைஸியா. பாடு."

வசந்தத்தில் நெவா ஆற்றின் பனி உடைவதைப் பற்றிய கவிதை அது. கடைசி நான்கு வரிகளை ஒரே மூச்சில் பாடவேண்டும் என்று எனக்காகவே மெட்டுப் போட்டிருந்தார். லெனின்கிராதில் அப்படிப் பாட என்னை விட்டால் ஆளில்லை என்று ஊரே சொல்லும். சனிக்கிழமை கச்சேரியை வைத்துக்கொண்டு இப்போது வேகத்தைக் கூட்டினால் என்ன அர்த்தம்? ஐம்பது தாண்டியவளுக்கு மூச்சு பத்தாது என்று விட்டுக்கொடுக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னைப் பாத்தா பாவமா இருக்கா?"

"உன்னையா? உன்கிட்ட மாட்டிக்கிட்ட நான்தான் பாவம்."

"அப்ப எழுதினபடி வாசிங்க."

பக்கத்து அறை கிளாவ்தியா வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டினாள், சத்தத்தை நிறுத்தச் சொல்லி. அதைச் சாக்காக வைத்து அவர் பியானோவை மூடப் பார்த்தார். நான் விடவில்லை.

"ஒரே ஒரு தடவை. மெதுவா. என் மூச்சு எங்க முடியுதுன்னு பாத்துடுவோம்."

வாசித்தார். நான்கு வரியும் ஒரே மூச்சில் பாடி முடித்தேன். அதற்கு மேலும் காற்று மிச்சமிருந்தது. திமிரோடு திரும்பினேன். கடைசிச் சுரத்தை மெல்லப் பிடித்து நிறுத்தவேண்டிய அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே கட்டை இரண்டு மூன்று முறை ஒலித்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"செப்டம்பர்லேருந்து. வேகமா வாசிச்சா வெளிய தெரியாது."

"வேற யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே."

"அப்புறம் எவனும் என்னை மேடையில பியானோ பக்கம் விடமாட்டான். இந்த ஒரு கச்சேரி மட்டும், தைஸியா."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பயமாக இருந்தது.

சனிக்கிழமை வேகமாகவே போனோம். ஏன் இந்த ஓட்டம் என்று யாரும் பியானோவைப் பார்த்துவிடக் கூடாதே. அதனால் அந்தக் கடைசி நான்கு வரிகளில் இரண்டாவதின் நடுவில், பின்வரிசைக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு இழுத்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கச்சேரி முடிந்து, கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் இடத்தில் இரைதா பிடித்துக்கொண்டாள். அவளும் பாடகி, என் இடத்துக்கு வெகுநாளாகக் கண் வைத்திருப்பவள்.

"வயசு யாரை விட்டுது, தைஸியா? வேகமா வாசிச்சு உன்னைக் காப்பாத்திட்டாரு பாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

பக்கத்தில் நின்ற ப்ளாட்டோன் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். இந்தப் பழி நானாக இழுத்துப் போட்டுக்கொண்டதுதான், ஆனாலும் காத்திருந்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கோட்டுப் பொத்தானோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அது துளையில் நுழையவேயில்லை.

"ஆமா, காப்பாத்திட்டாரு," என்றேன். இரைதாவுக்குத் தெரியாதபடி குறுக்கே போய் நின்று, பொத்தானை நானே போட்டுவிட்டேன்.