பக்கத்து வீட்டு வாசம்

கோகந்த் நகரத்து எண்ணெய் ஆலைத் தெருவில் மவ்ஜூதாவின் வீட்டுக்கு அந்த வருஷம் வியாழக்கிழமைகளில் செத்துப்போனவர்கள் வந்தார்கள். அவள் புருஷன் மட்டும் வரவில்லை. மற்றவர்கள் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வியாழன் பிற்பகலில் வீடுதோறும் வாணலியில் எண்ணெயைப் புகைய விட்டு, சல்பாக் என்கிற மெல்லிய ரொட்டியைப் பொரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். ரொட்டி உயிரோடு இருப்பவர்களுக்கு, வாசம் இறந்தவர்களுக்கு. அவர்கள் வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். தெருவில் எதிர்ப்பட்டால், கழுதை வண்டிக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி வழிவிட்டால் போதும்.

ஹைதரலி ஆலையில் லாரி ஓட்டியவன். இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மவ்ஜூதா கடையில் விற்கிற சுத்திகரித்த எண்ணெயைத் தவிர வேறு எதையும் அவனுக்காக அடுப்பில் வைத்ததில்லை. அவன் போன பிறகும் அதே பாட்டிலிலிருந்துதான் ஊற்றினாள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதல் வியாழக்கிழமைகளில் ஈ காக்காய்கூட வரவில்லை. அவன் தங்கை கும்ரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாணலியை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இது எண்ணெயா, குழாய்த் தண்ணியா? இதை மோந்துக்கிட்டு வர எங்கண்ணன் என்ன போலீஸ் நாயா?"

அதன் பிறகுதான் மவ்ஜூதா எண்ணெய் மாற்றத் தொடங்கினாள். முதலில் பருத்திக்கொட்டை எண்ணெய். செக்கச்செவேலென்று கசப்பாக இருக்கும் அதை வெள்ளைப் புகை வருகிற வரை காய்ச்சி, முழு வெங்காயத்தைப் போட்டு, அது கருகியதும் எடுத்து எறிந்தால் கசப்பு போகும். அதற்குப் பழைய கூட்டுப்பண்ணையில் பருத்தி பறித்துச் செத்த பெண்கள் கூட்டமாக வந்தார்கள், தோளெல்லாம் பஞ்சு. ஆளி எண்ணெய் ஊற்றிய வாரம் ஆற்றங்கரை நாடான கொரேஸ்மிலிருந்து ஓடக்காரர்கள் ஈரக்காலோடு வந்து தரையை நனைத்தார்கள். எள்ளெண்ணெய்க்கு ஒரு புகாரா யூதத் தையற்காரர் வந்து, வாயிற்கதவின் திரைச்சீலைத் தையல் கோணல் என்று சொல்லிவிட்டுப் போனார். செக்கில் ஆட்டிய சூரியகாந்திக்கு, தொப்பி வைத்த ஒரு ருஷ்ய டீச்சரம்மா வந்து, போகும்போது நன்றி சொன்னார். எவரையும் விரட்டுவது மரபில்லை. மவ்ஜூதா எல்லோருக்கும் தலை வணங்கினாள். தரையைத் துடைத்தாள், பஞ்சைப் பெருக்கினாள், அடுத்த வாரத்துக்கு வேறு எண்ணெய் வாங்கினாள்.

எது அவனைக் கொண்டுவரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. செம்மறியின் வால்கொழுப்பு. ஹைதரலிக்கு அதுதான் உயிர் என்பது கசாப்புக்கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் கடையில் அது வெள்ளை வெளேரென்று தொங்கும் பக்கம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று கும்ரியிடம் சொன்னாள்.

வாடை நன்றாகவே ஒத்துக்கொண்டது, அதுதான் விஷயம். அவன் படுத்திருந்த அந்தக் கடைசி இலையுதிர்காலம் முழுவதும், வேகவைத்த பூசணியும் உப்பில்லாக் கஞ்சியும் கொடுத்தே அவனைப் பார்த்துக்கொண்டாள். தெருவே அவளைப் புகழ்ந்தது. அவனோ நாக்கு செத்துப்போச்சு என்று கெஞ்சினான். வாயைக் கட்டுங்கள் என்று அவள் அதட்டினாள். பகலில் அவன் கண்ணயர்ந்ததும் முற்றத்தின் கடைசியில் இருந்த கோடை அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வால்கொழுப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இளந்தீயில் உருக்கி, பொன்னிறமாகச் சுருங்கிய ஜிஸ்ஸா என்கிற மொறுமொறுத் துண்டுகளை உப்பும் பச்சை வெங்காயமும் தூவிச் சுடச்சுடத் தின்பாள். பிறகு வினிகரில் கை கழுவி, துளசியை மென்றுகொண்டு அவன் தலைமாட்டில் வந்து உட்கார்வாள். ஒரு நாள் அவன் கண்ணைத் திறக்காமலே மூச்சை இழுத்தான்.

"யார் வீட்டுலயோ கொழுப்பு உருக்குறாங்க, மவ்ஜூதா. கொடுத்துவெச்சவங்க."

"பக்கத்து வீட்டுல நஸீபா உருக்குறா. நீங்க தூங்குங்க."

அந்த வாரமே அவன் போய்விட்டான். அவள் நெஞ்சில் அது சோறு இறங்காமல் நிற்பதுபோல நின்றுவிட்டது. அவனுக்கு மறுத்ததைக்கூட டாக்டர் மேல் போடலாம். தான் தின்றதை யார் மேல் போடுவது?

கடைசியில் கும்ரியே ஒரு முழு வாலை வாங்கிவந்து மேசைமேல் போட்டாள். "நீங்க உருக்குறீங்களா, நான் உருக்கட்டுமா?" மவ்ஜூதா கத்தியை எடுத்து நறுக்கினாள். கொழுப்பு உருகி, ஜிஸ்ஸாவை அரித்தெடுத்து, நீலப்புகை எழும்பியதும் முதல் ரொட்டியைப் போட்டாள். ரொட்டி உப்பி வருவதற்குள் வாய்க்கால் பக்கமிருந்து ஹைதரலி வந்தான். ஆலைச் சட்டை போட்டிருந்தான், இளைத்திருந்தான், தலையைப் படிய வாரியிருந்தான். மூக்கை உயர்த்தி மோந்தான், முகம் மலர்ந்தது, தன் வீட்டு வாசலைத் தாண்டி நடந்து நஸீபா வீட்டுக் கதவுக்கு எதிரே மல்பெரி மரத்தடியில் போய் நின்றான்.

கும்ரி ஓடிப்போய்க் கூப்பிட்டாள். "அண்ணே, அது இல்ல, நம்ம வீடு இங்க இருக்கு."

"தெரியும்மா. வாசம் இங்கேருந்துல்ல வருது," என்றான் அவன் அமைதியாக.

அடுத்த வியாழனும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். மவ்ஜூதா இங்கே உருக்குவாள், அவன் அங்கே நிற்பான். நஸீபா நல்ல மனுஷி. முதலில் அவனுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? செத்தவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு அடுத்தவன் வாசலில் நின்றால், உயிரோடிருந்தபோது எங்கே நின்றானோ என்று பேசிக்கொண்டார்கள். நஸீபாவின் புருஷன் அவளோடு பேசுவதை நிறுத்தினான், பிறகு அவள் வைத்த தேநீரைக் குடிப்பதை நிறுத்தினான். ஒரு வியாழன் அவன் அவள் துணிமணியை மூட்டையாகக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்தான். கும்ரி அதற்காகவே காத்திருந்தவள்போல் தெரு நடுவே நின்றாள்.

"என்னடி இருந்துச்சு உங்களுக்குள்ள? எங்கண்ணன் உன் வாசல்ல ஏன் காவல் காக்குறாரு?"

"அல்லா மேல ஆணையா எனக்கு எதுவும் தெரியாது," என்றாள் நஸீபா. மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "கொழுப்பே எங்க வீட்டுல உருக்குறதில்ல. எங்க வீட்டுக்காரருக்கு அது ஆகாது."

மவ்ஜூதா ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் தெரு அவளைக் கடைசிவரை உத்தமி என்றே சொல்லும். அதுவும் அவளுக்கு வேண்டித்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு ஜிஸ்ஸாத் தட்டை எடுத்துக்கொண்டு, முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல், அத்தனை பேருக்கும் நடுவே மல்பெரி மரத்தடிக்குப் போனாள்.

"இங்க பாருங்க. இந்த வாசம் நம்ம வீட்டு வாசம்."

"நஸீபா வீடுன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன். அன்னைக்கும் நம்ம வீடுதான். நான்தான் உருக்கினேன். உங்களுக்கு இல்லைன்னுட்டு நான் தின்னேன். தினமும் தின்னேன்."

கும்ரியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. நஸீபாவின் புருஷன் குனிந்து மூட்டையை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே கொண்டுபோனான். மவ்ஜூதா கன்னத்தில் அறை விழக் காத்திருப்பவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஹைதரலி தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சுங்க."

"சூடா தின்னியா?"

"சூடாதான்."

அவன் தலையாட்டினான். முக்காலியை நஸீபா வீட்டுச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்து தன் வீட்டுக்குள் போய், விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இறந்தவர்களால் தின்ன முடியாது, வாசம் மட்டும்தான். அதனால் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ தின்னு. நான் பாக்குறேன்."

அவள் தின்றாள். ஒவ்வொரு துண்டும் தொண்டையில் முள்ளாக இறங்கியது; அவனோ அவள் வாயையே பார்த்துக்கொண்டு, அவள் மெல்லும்போதெல்லாம் எச்சிலை விழுங்கினான். தட்டு காலியான பிறகுதான் எழுந்து போனான். அது மன்னிப்பா, தண்டனையா என்று தெருவில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். கும்ரி மூன்று ரம்ஜான் வரை அண்ணியோடு பேசவில்லை. பிறகு பேசினாள். நஸீபா வீட்டுக்கு முதல் ரொட்டி போகிறது, வாங்கிக்கொள்கிறார்கள்.

வருஷங்கள் ஆகிவிட்டன. ஹைதரலி வியாழன் தவறாமல் வருகிறான், அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து தின்கிறாள். போன மாதம் டாக்டர் அவள் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொழுப்பை அறவே விட வேண்டும் என்றார். மற்ற நாளெல்லாம் விட்டுவிடுகிறேன், வியாழக்கிழமை மட்டும் வீட்டுக்காரர் விட மாட்டார் என்று மவ்ஜூதா சொன்னாள். டாக்டரும் அதே ஊர்க்காரர்தான். சரி என்று எழுதிக்கொண்டார்.