மனிதர் ஒருவர் பார்த்த பிறகு

அக்கா கைபேசியை என் முன்னால் நீட்டினாள். அவளுக்கு வேலை இல்லை என்று எங்கள் நிறுவனம் அனுப்பிய கடிதம். நான் அங்கே மேலாளர். அவள் விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது.

"உன் பேரைச் சொல்லாமத்தான்டா போட்டேன். உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு."

கோபமில்லை அவளுக்கு. கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். 'மனிதர் ஒருவர் பார்த்த பிறகே இம்முடிவு எடுக்கப்பட்டது.' மெஷின் தள்ளியிருந்தால் மனசு ஆறாது, ஒரு மனுஷன் உட்கார்ந்து படித்திருக்கிறானே, அதுவே போதும் என்றாள்.

அந்த வரியை எழுதியவன் நான்.

ஆள் எடுக்கும் வேலையை ஏஐயிடம் கொடுப்பது என்று போன வருடம் முடிவானபோது, அறநெறிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று இயக்குநர் கேட்டார். மேலாளர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். அதற்காக எங்களுக்குக் கொடுத்த நாற்பது நிமிடப் பயிற்சிக் காணொளியை நான் ஒலியை அணைத்துவிட்டு, வேறு வேலை பார்த்தபடி ஓட்டியிருந்தேன். மற்றவர்களின் லட்சணமும் அதுதான் என்பது அவர்கள் மேசையை முறைத்துக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு மனிதர் பார்த்தால் போதுமே என்றேன். அடடா, எல்லோர் முகத்திலும் என்ன நிம்மதி! நிறுவனத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில் அறநெறி என்ற தலைப்பின் கீழ் அந்த ஒரு வரிதான் ஏறியது; கடிதத்துக்கும் அதை நானே எழுதிக் கொடுத்தேன். இயந்திரம் எதை வைத்து மதிப்பெண் போடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யோசனை சொன்ன பாவத்துக்கு, அந்த மனிதராக என்னையே போட்டார்கள்.

முதல் வாரம் ஒவ்வொன்றாகப் படித்தேன், சத்தியமாக. பிறகு வெள்ளிக்கிழமை மதியம், இயந்திரம் கழித்துக்கட்டிய முந்நூறு நானூறு பேரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'ஒப்புதல்' என்று ஓர் அழுத்து. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"எதுல கோட்டை விட்டேன்னு மட்டும் பாத்துச் சொல்லுடா," என்றாள் அக்கா.

மடிக்கணினியைத் திறந்து தேடினேன். காரணம்: பணியில் ஆறு ஆண்டு இடைவெளி. விளக்கம் எழுதும் கட்டத்தில், படுக்கையில் கிடந்த தந்தையைக் கவனித்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டத்தை இயந்திரம் படிப்பதில்லை. மனிதர் படிப்பதற்கென்றே வைத்தது அது. அந்த ஆறு வருடத்தில் நான் இரண்டு பதவி உயர்வு வாங்கினேன். அப்பாவுக்கு ஒரு நாள்கூடத் துணி மாற்றிவிட்டதில்லை. கீழே, பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

வெட்கத்தில் காது சுட்டது. எங்காவது எழுந்து போய்விடலாம் போலிருந்தது. திரையைப் பாதி மூடினேன்.

"என்னடா, தப்பா ஏதாவது எழுதிட்டேனா?"

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பரவால்ல, சொல்லு. அடுத்த தடவை திருத்திக்கிறேன்."

பேனா மூடியைப் பல்லால் கழற்றி, வெள்ளைத்தாளில் ஒன்று என்று எழுதி வட்டமிட்டாள். பேனா முனையைத் தாளில் வைத்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.