கழுவி வைத்த கன்வெர்ட்டர்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஐலாவுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டு ஜன்னல், அலமாரி, கம்பளம், நீராவிக் குளியல் அறையான சவ்னாவின் பலகைகள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி முடித்து, இருபத்தோராம் தேதி காலையில் வாளியும் துடைப்பமுமாக வண்டி ரிப்பேர்ப் பட்டறைக்கே வந்துவிட்டாள். முப்பது வருஷமாகக் கிரீஸில் ஊறிய சிமெண்ட் தரையைக் கிறிஸ்துமஸுக்காகக் கழுவுகிற பெண் பனிதேசத்துக் கைனூ வட்டாரத்திலேயே இவள் ஒருத்திதான் என்று புருஷன் தௌனோ கேலி செய்வான். வருஷத்துக்கு ஒருமுறை அவன் பேசுகிற நீளமான வாக்கியம் அது. மற்றபடி எதைக் கேட்டாலும் "ம்"தான்.

அன்றைக்கு அவன் காட்டுக்குள் போயிருந்தான். மரம் வெட்டுகிற இயந்திரம் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டதாம். பட்டறையில் இருந்தது பனி தள்ளுகிற அவர்களுடைய லோடர் வண்டி. பக்கத்தில் ஒரு அட்டையின் மேல் அதன் கன்வெர்ட்டர். என்ஜின் புகையை வடிகட்டி வெளியே விடுகிற எஃகு டப்பா அது. உள்ளே தேனடை மாதிரிக் கண் கண்ணாக இருக்கும், அந்தக் கண்களின் மேல் பிளாட்டினம் லேசாகப் பூசியிருக்கும். கரி அடைத்துப் போனதால் கயானி டவுனுக்கு அனுப்பிச் சுத்தம் செய்து, முந்தாநாள்தான் திரும்பி வந்திருந்தது. சாயங்காலம் வந்து மாட்டுகிறேன் என்று தௌனோ சொல்லியிருந்தான்.

கழுவி வந்த சாமானை ஈரத் தரையில் விட ஐலாவுக்கு மனசு வருமா? இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, மூலையில் இருந்த, சரக்கு அடுக்குகிற மரப் பேலட்டின் மேல் வைத்தாள். தரை காய்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு பைன் சோப்பைக் கரைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தப் பேலட்டில் ஏற்கெனவே முப்பது பழைய கன்வெர்ட்டர்கள் கிடந்தன. ஊரில் ரிப்பேருக்கு வந்த பொக்லைன்கள், மர வண்டிகள், மூடிப்போன மர அறுவை மில்லின் ஃபோர்க்லிஃப்ட்டுகள் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிச் சேர்த்தவை. அத்தனையும் காயலான் கடைச் சரக்கு.

தரை காய்வதற்குள் ஊர்மாஸ் வந்துவிட்டான்.

ஊர்மாஸ் கடலுக்கு அந்தப் பக்கத்து எஸ்தோனியாக்காரன். பழைய கன்வெர்ட்டர்களை, அவற்றில் மிஞ்சியிருக்கும் பிளாட்டினத்துக்காக, வாங்க வருஷத்துக்கு ஒருமுறை வேனில் வருவான். இந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுப்பது லேசில்லை. ஊரான் வண்டிக்கு அடியில் படுத்து அறுத்துக்கொண்டு போகிறவர்களும், அதைக் கேள்வி கேட்காமல் வாங்குகிறவர்களும் நிறைந்த தொழில். ஊர்மாஸ் மட்டும் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து கேட்பான். ஆறு வருஷமாக வருகிறான். ஆனாலும் தௌனோவுக்கு அவன் மேல் முழு நம்பிக்கை கிடையாது. தௌனோவுக்கு வானிலை அறிக்கையின் மேலும் நம்பிக்கை கிடையாது.

"அக்கா, தரையில காலை வைக்கலாமா, இல்ல பூட்ஸக் கழட்டணுமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டான்.

"வாய் பேசாம உள்ள வா. காபி போடறேன்."

"காபி குடிச்சுட்டுக் கெளம்பணும்க்கா. நாளைக்குச் சாயங்காலக் கப்பல். இந்தத் தடவ கிறிஸ்துமஸுக்கு வீட்ல இல்லேன்னா என் பொண்டாட்டி கதவத் தொறக்க மாட்டா. மத்தியானத்துக்கு மேல நாளைக்குப் பெரிய பனின்னு வேற சொல்றான்."

வழக்கமாக ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, முத்திரை எண்ணைப் படித்து, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பான். இந்த முறை நேரமில்லை. "பேலட்ல இருக்கறது எல்லாம் உனக்குத்தான்னு அண்ணன் ஃபோன்லயே சொல்லிட்டாரு. போற வழியில குவோபியோ டவுன்ல சிநேகிதன் ஷெட்ல எறக்கித் தரம் பிரிச்சுக்கறேன்," என்றான். ஐலாவே ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டிப் பேலட்டை அப்படியே வேனுக்குள் தள்ளினாள். பிறகு இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து, பிளம்ஸ் ஜாம் வைத்த நட்சத்திரப் பணியாரத்தைத் தின்று காபி குடித்தார்கள். அவன் கிளம்பிப் போன பிறகு அவள் மறுபடி வாளியைத் தூக்கினாள். எதையோ மறந்த மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கே கவிந்துவிடுகிற குளிர்கால இருட்டோடு தௌனோ வந்தான். பட்டறைக்குள் போனவன் சும்மா கிடந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்க இருந்தது எங்க?"

ஐலா திரும்பிப் பார்த்தாள். பேலட் இருந்த மூலை பளிச்சென்று கழுவிக் கிடந்தது.

"தௌனோ... நான்தான்... ஈரம் படக் கூடாதேன்னு பேலட் மேல..."

அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. கன்வெர்ட்டர் இல்லாமல் அந்த லோடர் ஓடாது. என்ஜினின் கம்ப்யூட்டர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், நடை வேகத்துக்கு மேல் நகராது. இரண்டு குளிர்காலம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்து, இந்த வருஷம்தான் ஊராட்சியின் பனி தள்ளும் ஒப்பந்தம் அவர்கள் கைக்குத் திரும்பி வந்திருந்தது. முதல் பெரிய பனிக்கே வண்டி வரவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். புதுசு வாங்கலாம் என்றால் அது வந்து சேரத் தை மாதம் பிறந்துவிடும்.

"ஃபோன் போடு," என்றான் தௌனோ.

போட்டாள். மணி அடித்தது. அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து அடித்தது. சார்ஜில் போட்ட ஃபோனை அப்படியே மறந்து விட்டுப் போயிருந்தான் அந்தப் புண்ணியவான்.

இரண்டு பேரும் ஓடிப்போய், ஜன்னல் திண்டில் அதிர்ந்துகொண்டிருந்த ஃபோனைப் பார்த்தபடி நின்றார்கள். ஐலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு சத்தம் போட்டுத் திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. தௌனோ திட்டவில்லை. சவ்னாவுக்கு விறகு எடுக்கக் கிளம்பினான். கதவருகே நின்று, "எப்படியும் வருவான். ஃபோனுக்காகவாவது வருவான்," என்றான்.

அதைப் பிடித்துக்கொண்டாள் ஐலா. இந்தக் காலத்தில் ஃபோன் இல்லாமல் எவன் இருப்பான்? பொண்டாட்டி நம்பர், கப்பல் டிக்கெட், கடன் கொடுத்தவன், வாங்கினவன் எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது? ஆனால் கன்வெர்ட்டரைப் பற்றி நினைத்தால் நம்பிக்கை நழுவியது. அந்தப் பேலட்டிலேயே பெரிய விலை போகிற சரக்கு அது ஒன்றுதான். கழுவிச் சுத்தம் செய்தது, அப்படியே இன்னொரு லோடரில் மாட்டலாம். 'பேலட்ல இருந்தது எல்லாம் எனக்குன்னு சொன்னீங்களே' என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது? சாப்பாடு இறங்கவில்லை. ஃபோனைத் துடைத்து, மறுபடி சார்ஜில் போட்டு, புறப்படுகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு வைப்பதுபோல மேசை நடுவில் வைத்தாள்.

மத்தியானம் என்று சொன்ன பனி மறுநாள் காலை எட்டு மணிக்கே பிடித்துக்கொண்டது. வானிலை அறிக்கையை நம்பாதது எவ்வளவு சரி என்று தௌனோ சந்தோஷப்படும் நிலைமையில் இல்லை. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்த மாதிரி லோடரின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பதினொரு மணிக்கு ரோடும் வயலும் ஒன்றாகிவிட்டது.

அப்போதுதான் நாய் குரைத்தது. ஐலா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அஞ்சல் பெட்டிகளைத் தாண்டி ஒரு ஆள் முழங்கால் பனியில் நடந்து வந்துகொண்டிருந்தான். தோளில் கம்பளியில் சுற்றிய ஏதோ பாரம். பத்தடிக்கு ஒருமுறை நின்று தோள் மாற்றினான்.

கோட்டைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினாள். வாசலில் சாத்தியிருந்த சறுக்கு நாற்காலியை, பின்னால் நின்று காலால் உந்தித் தள்ளுகிற அந்த வண்டியை, இழுத்துக்கொண்டு எதிரே போனாள்.

"வேன் எங்கடா?"

"ஏரித் திருப்பத்துல, பள்ளத்துல படுத்திருக்கு." ஊர்மாஸின் மீசையெல்லாம் பனி. "மூணு கிலோமீட்டர்க்கா. இந்தப் பதினெட்டு கிலோவத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள என் தோள்பட்டை செத்துருச்சு. மொதல்ல இத வாங்குங்க."

கம்பளி மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்து, விழாமல் கழுத்துத் துணியால் கட்டினாள் ஐலா. ராணியம்மா மாதிரி அது முன்னால் போக, இரண்டு பேரும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ராத்திரி ஷெட்ல பிரிச்சுப் பாக்கறேன், கண்ணாடி மாதிரிப் பளபளன்னு ஒண்ணு. மொதல்ல, நீங்கதான் கிறிஸ்துமஸுக்காகக் குப்பையையும் சோப்பு போட்டுக் கழுவி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"வாய மூடு!"

"நெசமாக்கா. பழகின ஆளாச்சே, செய்யக்கூடியவங்கதான். அப்புறம் டார்ச் அடிச்சா, உள்ளயும் சுத்தம். பக்கத்துல கயானிக்காரன் கட்டின சீட்டு. குப்பைய எவனாவது காசு குடுத்துக் கழுவுவானா? அண்ணன் லோடர் ஞாபகம் வந்துச்சு. காலையில ஆறு மணிக்குத் திருப்பிட்டேன்."

பட்டறை வாசலில் தௌனோ நின்றிருந்தான். மூட்டையைப் பார்த்தான், ஊர்மாஸைப் பார்த்தான். "ம்," என்றான். கன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சமையலறையில் ஊர்மாஸுக்குச் சூடாக மீன் சூப் ஊற்றி வைத்து, மேசை நடுவில் இருந்ததை அவன் பக்கம் நகர்த்தினாள் ஐலா. "இந்தா, உன் ஃபோன்."

கரண்டி பாதியில் நின்றது. "அட! இது இங்கயா கெடந்துச்சு?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வழியில ஒரு பெட்ரோல் பங்க்ல விட்டுட்டேன்னு நெனச்சு, அங்க இருந்த பொண்ணுகிட்ட ஒரு மூச்சு கத்திட்டு வந்தேன். ஐயோ பாவம், போறப்ப மன்னிப்புக் கேக்கணும். உங்க நம்பரும் இதுக்குள்ளதான இருக்கு, இல்லேன்னா நேத்தே கூப்பிட்டிருப்பேனே."

ஐலா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். நேற்று முழுக்க அவள் நம்பியது மேசை மேல் கிடந்த இந்த ஃபோனை. இவனை நம்பவில்லை. இவனோ ஃபோன் எங்கே என்றே தெரியாமல், கப்பலையும் விட்டுவிட்டு, இருநூறு கிலோமீட்டர் பனியில் திரும்பி வந்திருக்கிறான்.

"ஊர்மாஸ், நீ ஃபோனுக்காக வருவேன்னுதான் நாங்க பேசிக்கிட்டோம். உன்னப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன்டா. ரொம்ப நன்றிப்பா. இந்த நன்றிய எப்படித் தீர்க்கறதுன்னே எனக்குத் தெரியல."

அவன் முகம் சிவந்து சூப்புக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டான். "சூப்புல சதகுப்பைக் கீரை கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா," என்றான்.

அப்போது பட்டறையில் லோடர் உறுமியது. முதலில் இருமல், பிறகு ஒரே சீரான சத்தம். ஐலா இப்போதுதான் தாராளமாக அழுதாள். உள்ளே எட்டிப் பார்த்த தௌனோவிடம் ஃபோன் விஷயத்தைச் சொன்னாள். அவன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு, "கெளம்பலாம்," என்றான்.

இந்தக் குளிர்காலத்தில் அந்த லோடர் செய்த முதல் வேலை வேனைப் பள்ளத்திலிருந்து இழுத்ததுதான். கயிறு கட்ட வந்த ஐலா, லோடர் திரும்புகிற இடம் வரைக்கும் துணைக்கு என்று வேனிலேயே ஏறிக்கொண்டாள். முன்னால் மஞ்சள் விளக்கு சுழல, பனியை இரண்டு பக்கமும் புரட்டித் தள்ளியபடி லோடர் போனது. பின்னால் கறுப்பாக ரோடு விரிந்தது. ஒப்பந்தப்படி தௌனோவின் ரோடு ஊராட்சி எல்லைப் பலகையோடு முடிகிறது. அதற்கப்புறம் நெடுஞ்சாலை வரை பதினாலு கிலோமீட்டர் வேறொருத்தனுடையது. அந்த ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. அடுத்தவன் ரோட்டில் ஒரு கரண்டிப் பனியைக்கூடத் தள்ள மாட்டான் தௌனோ. அப்படி ஒரு பிடிவாதம்.

பலகை வந்தது. ஐலா இறங்கத் தயாராகக் கையுறையை மாட்டினாள். லோடர் நிற்கவில்லை. பனி தள்ளும் தகடும் மேலே ஏறவில்லை.

"அக்கா, எல்லை தாண்டிருச்சே. அண்ணன் கவனிக்கலையா?"

"கவனிச்சாரு," என்றாள் ஐலா. மாட்டிய கையுறையைக் கழற்றினாள். "நீ பேசாம பின்னாலயே போ."

பதினாலு கிலோமீட்டரும் தள்ளினான். நெடுஞ்சாலை விளக்குகள் தெரிந்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, வேன் கண்ணாடியருகே வந்தான்.

"கப்பல்?"

"இன்னைக்குக் கப்பலப் பிடிக்க முடியாது அண்ணே. நாளைக் காலையில இடம் கெடச்சாப் பிடிச்சுருவேன்."

தௌனோ தலையாட்டினான். திரும்பி நாலடி நடந்தவன் மறுபடி வந்தான். "போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணு," என்றான்.

மறுநாள் முழுக்க இண்டு இடுக்கு விடாமல் பனி தள்ளிவிட்டுச் சாயங்காலம் வந்தவன், தன் ஃபோனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டான். தன் பிறந்த நாளுக்கு யார் கூப்பிட்டாலும் ஃபோனை ஐலாவிடம் நீட்டுகிற ஆள் அவன். ஏழு மணிக்கு மணி அடித்தது. ஐலா கை நீட்டுவதற்குள் எடுத்துவிட்டான்.

"ம்... ம்... கதவத் தொறந்தாளா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நன்றி தம்பி," என்றான். "நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல."