திரும்பி வருவதற்கான ஆங்கிலம்

பிரபாவதி அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலம் படிக்கிறார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. கைபேசியில் ஓர் ஆண்குரல் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். ஐ ரிட்டர்ன். ஐ ரிட்டர்ண்ட். ஐ வில் ரிட்டர்ன். நான் தண்ணீர் எடுக்க எழுந்ததும் இரண்டு குரல்களும் நின்றுவிட்டன.

அக்கா என் மனைவி செல்வியின் மூத்த சகோதரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செல்வி இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். அந்தக் குழந்தையும் தங்கவில்லை. அதன்பிறகு அக்கா செய்யூரிலிருந்து ஊரப்பாக்கத்துக்கு வந்து, என் நான்கு வயது மகள் மகிழினியைப் பார்த்துக்கொள்கிறார். கடைசித் தங்கை வைஷாலி கணவனோடு அமெரிக்காவில் இருக்கிறாள்.

அந்த வாரமே அக்காவின் கைப்பை மேசைமேல் திறந்து கிடந்தது. உள்ளே மகியின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். காது தெரிய, வெள்ளைப் பின்னணியில். பள்ளியில் யாரும் படம் கேட்கவில்லை.

மகியிடம் கேட்டேன். "பெரியம்மா எங்க போறாங்க?"

"பிளேன்ல."

"நீ?"

"உன்கிட்ட சொல்லக் கூடாது."

அலுவலகத்தில் நண்பன் பார்த்தசாரதியிடம் சொன்னேன்.

"கொழந்தயத் தூக்கினு போறாங்க மச்சான். வைஷாலிக்குக் கல்யாணமாயி எவ்ளோ வருசமாச்சு? கொழந்த குட்டி எதுனா கீதா?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சுது."

"அப்பா கையெழுத்து இல்லாம பாஸ்போர்ட் தர மாட்டாங்கடா."

"நீ இன்னா படிச்சிட்டா கையெழுத்துப் போடற? போன மாசம் என் லீவு லெட்டர்லயே போட்டு வச்ச."

உண்மைதான். செல்வி போனபிறகு நீட்டிய தாளிலெல்லாம் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை, "ரவிக்கை தைக்கக் குடுக்கணும், செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வரேன் தம்பி" என்றார் அக்கா. நான் வீட்டில்தான் இருந்தேன். ஆனாலும் மகியைக் கீழ்வீட்டுச் சகுந்தலாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். என்னிடம் விடவில்லை. அதே மின்ரயிலில் இரண்டு பெட்டி தள்ளி ஏறினேன்.

செங்கல்பட்டில் அவர் தையல்கடை எதற்கும் போகவில்லை. ஒரு குறுகலான மாடிப்படி ஏறினார். மேலே பலகை: விசா நேர்காணல் பயிற்சி, தேவசகாயம், மகாபலிபுரம் முன்னாள் கைடு. கதவு திறந்திருந்தது. வெளியே நின்றேன். தேவசகாயம் மேசைக்குப் பின்னால் விசா அதிகாரிபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஒய் ஆர் யூ கோயிங் டு அமெரிக்கா?"

"ஐ கோ அண்ட் கம், சார்," என்றார் அக்கா.

"இன்னாமா நீ! வாசல்ல நின்னு போயிட்டு வரேன்னு சொல்றது நம்மூரு மரியாத. அவன் காரணம் கேக்கறான். கேட்டுட்டு, இந்தம்மா அங்கியே தங்கிடுமோன்னு சந்தேகப்படுவான். அதுக்குத்தான் ரிட்டர்ன். எங்கேந்து கெளம்புனியோ அங்கியே வந்து சேர்றது. சரி, தங்கச்சிக்கு எத்தினியாவது மாசம்?"

"ஏழு சார்."

வைஷாலி கர்ப்பமாக இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"பிரசவம் முடிஞ்சப்புறம்?"

"ஐ வில் ரிட்டர்ன் சார். மை சிஸ்டர் டாட்டர் இஸ் இன் இந்தியா. மதர் இல்ல சார்." கைப்பையிலிருந்து மகியின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

உள்ளே போனேன். அக்கா திடுக்கிட்டு எழுந்தார்.

"யாரு நைனா நீ?" என்றார் தேவசகாயம்.

"அந்தப் படத்துல இருக்கற குழந்தையோட அப்பா."

"நல்லதாப் போச்சு. இப்டி உக்காரு. நீதான் ஆபீசரு. கேளு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "வில் யூ ரிட்டர்ன்?"

"ஐ வில் ரிட்டர்ன்."

"ஹவ் டூ ஐ நோ?"

அக்கா தேவசகாயத்தைப் பார்த்தார். "இதெல்லாம் கேப்பாங்களா சார்?"

"கேக்க மாட்டாங்கமா."

"நான் கேக்கறேன்," என்றேன். செல்வியும் பிரசவ அறை வாசலில் வந்துடறேன் என்றுதான் சொன்னாள். "ஏன் மறைச்சீங்க?"

"பிரசவம்னு கேட்டா நீ தாங்க மாட்டேன்னு வைஷாலி பயந்தா."

"நீங்க?"

அக்கா முந்தானையைச் சரிசெய்தார். "எனக்கு அந்தப் பயம் இல்ல தம்பி. எனக்கு உன்மேல சந்தேகம். புள்ள சாப்புட்டாளான்னு ஒரு நாளு கேட்டிருக்கியா? உன்னாண்ட உட்டுட்டு எப்டி பிளேன் ஏறுவேன்? விசா கெடச்சாலும் போலாமா வேணாமான்னு எனக்கே தெரியல."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் கேக்கறேன்," என்றார். "நான் இல்லாதப்ப புள்ளய யாரு பாத்துப்பா?"

"நான்."

"அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு நைனா," என்றார் தேவசகாயம்.

நிமிர்ந்து பார்த்து மறுபடியும் சொன்னேன். அக்கா நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் ரயிலில் பெண்கள் பெட்டிக்குப் போகாமல் எனக்கு எதிரில் உட்கார்ந்து, மகி எதையெல்லாம் சாப்பிட மாட்டாள் என்று சொல்லத் தொடங்கினார். முதலில் கத்தரிக்காய். எங்கள் ஊருக்கு முந்தைய நிறுத்தமான கூடுவாஞ்சேரி வந்தும் பட்டியல் முடியவில்லை.