இன்னும் பழகாத சட்டி

எனக்குக் கிட்னி போனதற்கு அலுமினியக் குண்டான்தான் காரணம் என்று என் மனைவி பெர்னதெத் முடிவு கட்டிவிட்டாள். டாக்டர் சுகர் என்றார், பிரஷர் என்றார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் குண்டானில் புளியைக் கொதிக்கவைத்து எனக்கு ஊற்றியவள் தான்தானே என்று அழுதாள். பக்கத்து வீட்டு மௌரீன் அனுப்பிய வாட்ஸ்ஆப் வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம். மௌரீனின் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போட வேண்டும் என்று தோன்றியது. விவேக் நகரில் பக்கத்தில் கிணறு எதுவும் இல்லாததால் பிழைத்தாள்.

குண்டான் பழைய சாமான்காரனிடம் போனது. அடுத்தது நான்ஸ்டிக் தவா. கறுப்புப் பூச்சு உரிந்திருந்த இடத்தைக் காட்டி, "உரிஞ்சதெல்லாம் எங்க போச்சு? உங்க வயித்துக்குள்ளதான்" என்றாள். அதுவும் போனது. சிவாஜி நகரிலிருந்து ஓர் இரும்பு வாணலி வந்தது. அதைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயம் வதக்கிக் கொட்டி, பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னொரு வீடியோ வந்தது. கிட்னிக்காரர்களுக்கு இரும்பு ஆகாதாம். வாணலி லாஃப்டில் ஏறியது.

"நோவு உடம்புல இருக்கு, பாத்திரத்துல இல்ல" என்று கத்தினேன். கத்தியதில் மூச்சு வாங்கியது. அவள்தான் முதுகைத் தடவிவிட்டாள். எனக்கு இதயமும் பலவீனம், டயாலிசிஸ் தாங்காது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். என் கிட்னியை மாற்ற அவளால் ஆகாது, பாத்திரத்தையாவது மாற்றட்டும் என்று அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

கடைசியாக மண்சட்டி. குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனிலிருந்து ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தண்ணீரில் ஊறப்போட்டாள், சின்னத் தீயில் வைத்து அதில் கஞ்சி காய்ச்சினாள். சோப்பு படக் கூடாது, மண் உறிஞ்சிக்கொள்ளும். வெறும் சட்டியை அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வதற்குச் சட்டியைப் பழக்குவது என்று பெயர். அதில் உப்பும் புளியும் இல்லாமல் சுரைக்காய்க் கூட்டு செய்து தந்தாள். வாயை மூடிக்கொண்டு தின்றேன். உப்பு, தக்காளி, மீன் எல்லாவற்றையும் டாக்டர் தடுத்திருந்தார். தண்ணீர்கூட அளந்துதான்.

போன வாரம் மறுபடி டாக்டர் வீணாவிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரிப்போர்ட்டை மூடிவைத்தார். பெர்னதெத் முந்திக்கொண்டாள்.

"இப்ப மண்சட்டியிலதான் சமைக்கிறேன் டாக்டர். சரிதானே?"

"எதுல வேணா சமைங்கம்மா. அவருக்கு இஷ்டமானத செஞ்சு குடுங்க."

"உப்பு?"

"போடுங்க."

"மீனு?"

"குடுங்க, பரவாயில்ல."

நான் நீலசந்திராவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவன். இனிமேல் பிரித்துப் பிரயோஜனமில்லாத மோட்டாரை யாராவது கொண்டுவந்தால், "ஓடுற வரைக்கும் ஓட்டுங்க சார்" என்பேன். அதைச் சொல்லும்போது என் குரலும் இப்படித்தான் தணிந்துபோகும். டாக்டர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று புரிந்தது. கண்ணைப் பார்த்தே மீன் இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுகிற பெர்னதெத்துக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? சட்டி வேல செஞ்சிடுச்சு. எல்லாமே சாப்பிடலாம்னுட்டாங்க."

"பெர்னா..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன மீனு வேணும்? வஞ்சிரமா, சங்கராவா?"

அவள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. சொல்லத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சங்கரா" என்றேன். பாழாய்ப்போன வாய்.

அன்றைக்கே மீன் குழம்பு வைத்தாள். உப்பும் புளியும் காரமுமாக, நாக்கு மறந்தே போயிருந்த ருசி. எனக்கு அழுகை வந்தது. காரம் தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் எதிரில் உட்கார்ந்து சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இன்னும் சரியா பழகல. ஒரு வருசம் ஆனாத்தான் முழு ருசி இறங்குமாம். மீனுக்கு இது இருக்கட்டும், சாம்பாருக்கு இன்னொண்ணு வாங்கிடறேன். இப்ப பழக்க ஆரம்பிச்சா அடுத்த கிறிஸ்துமஸுக்கு நல்லா வந்துடும்."

"சின்னதா வாங்கு" என்றேன்.

"ஏன்? சின்னதுன்னா ரெண்டு பேருக்கு எப்படிப் பத்தும்?"

அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். தட்டை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.