விடுதியில் மீதி யார்?

அமெரிக்காவின் துலூத் நகரில் எங்கள் கல்லூரி விடுதிக்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றி நவிலும் நாள் விடுமுறையில் ஒரே ஒருவர் தங்கினாலும் சமையலறை திறந்திருக்கும், வான்கோழி வேகும். யார் தங்குகிறார்கள் என்று காப்பாளர் ஹால்வர்சன் அம்மா கதவு கதவாகத் தட்டிக் கேட்பார்.

இந்த ஆண்டு தட்டவில்லை. கணினித் திரையில் கேள்விப் பெட்டி ஒன்று வந்திருந்தது. வீட்டில் பேசுகிற மாதிரி எழுதிக் கேட்டால் போதும், மாணவர் தகவல்தளத்தைத் துழாவிப் பதில் சொல்லிவிடும். வரவேற்பு மேசையில் பகுதிநேரமாக உட்காரும் என் கண் முன்னாலேயே அவர் கேட்டார்.

"லீவுக்கு யாராச்சும் இங்கயே தங்குறாங்களா?"

'யாருமில்லை.'

"பாத்தியா எல்ராய்? என் முட்டிக்கு விடுதலை. சமையல்காரரை வீட்டுக்குப் போகச் சொல்லிடறேன். நீ எப்ப கிளம்புற?"

"இதோ, மேடம்."

"அப்பாவைக் கேட்டதா சொல்லு."

அப்பா அரிசோனாவில் புது மனைவியுடன் இருந்தார். எனக்கென்று வைத்திருந்த அறையில் இப்போது உடற்பயிற்சி சைக்கிள் நிற்பதாக எழுதியிருந்தார். சைக்கிளை விசாரித்ததாகப் பதில் போட்டேன்.

ஹால்வர்சன் அம்மாவின் கார் பனியில் மறைந்தது. நான் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

"எல்ராய் ஊருக்குப் போறானா?"

'தகவல் இல்லை.'

"அப்ப தங்குறானா?"

'தகவல் இல்லை.'

விடுமுறைப் படிவத்தில் நான் எதையும் குறிக்கவில்லை. போகிறேன் என்று போட ஊர் இல்லை. தங்குகிறேன் என்று போடக் கை வரவில்லை. தங்குவதாகக் குறித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, யாருமில்லை என்றிருக்கிறது பெட்டி. கணக்குப்படி கட்டடம் காலி. அந்தக் காலிக் கட்டடத்தில் உட்கார்ந்து நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

பிஸ்கட் தீர்ந்ததும் இன்னொன்று கேட்டேன். "எதுவுமே சொல்லாம விட்டவங்க யாரு?"

இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று நான். இன்னொன்று ஓரின், மூன்றாம் மாடி. டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதியே மாடி முழுக்கப் புகார் வாங்கியவன்.

போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"கீழ மேசைல இருக்கறவன்."

"இன்னிக்கு நான் ஊதவே இல்லையேப்பா!"

"அதான் ஏன்னு கேக்க வந்தேன்."

கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"நீ ஊருக்குப் போகலையா?"

"தகவல் இல்லை."

அவன் என்னையே பார்த்தான். "நூடுல்ஸ் இருக்கு. ஆனா முள்கரண்டி ஒண்ணுதான்."

என்னுடையதை எடுத்துவரக் கீழே ஓடினேன்.