வெள்ளையடிக்காத ஓரம்

தெரு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசனை. வெள்ளம் வடிந்து இன்னும் சாக்கடைகூடத் தெளியவில்லை, அதற்குள் ஒரு வீடு பாக்கியில்லாமல் வெளுத்துக்கொண்டு நின்றது. அளவு நாடாவோடு வந்த எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறிய வீடுகளை ஆற்றோரத்திலிருந்து அகற்ற வேண்டும், சுவரில் படிந்த சேற்றுக்கோடுதான் அதற்குச் சாட்சி. நகராட்சி ஏற்றுக்கொண்ட இந்த விதியை எழுதியவளே நான்தான். பருவநிலை, நகரம் என்று புத்தகம் போட்டு மேடை மேடையாகப் பேசுகிறவள். கடைசி வீடு என் அக்காவுடையது. வேறு யாரோ வந்து அளப்பதைவிட நானே அளப்பது மேல் என்று நினைத்தேன். என்ன புத்தியோ.

"வாங்கம்மா, பெரிய அதிகாரி. செருப்பை வெளியவே விடு, இப்பதான் துடைச்சேன்," என்றாள் அக்கா.

உள்ளேயும் வெள்ளை. சமையலறைக் கதவோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பழைய நீலம் அப்படியே இருந்தது. அதில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பென்சில் கோடுகள். அக்காவின் பையன் வளர வளரப் போட்டவை. காய்ச்சலில் அவன் போன பிறகு கோடு ஏறவில்லை. கடைசிக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே சேறு தன் கோட்டைப் போட்டிருந்தது.

"உங்க மாமா ரெண்டு தடவை பிரஷ்ஷைத் தூக்கினாரு. நான்தான் கையைப் பிடிச்சிட்டேன்."

"வீடு போனா இந்தச் சுவரும் போயிடும்க்கா."

"தெரியாதா எனக்கு? அதுக்காக என் கையாலயே அடிக்கணுமா?"

"நான் எதையும் பார்க்கலைன்னு எழுதிடறேன்," என்றேன். என் வாயிலிருந்தா இது வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"உன் புத்தகத்தைப் படிச்சேன்டி. பாதி மண்டையில ஏறல. தண்ணி இன்னும் ஒசரமா வரும்னு போட்டிருந்தியே, அது மட்டும் நல்லா புரிஞ்சுது. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. கண்ணு முன்னால இருக்கிறதை இல்லைன்னு எழுதாதே."

அவள் தரையில் உட்கார்ந்தாள். நாடாவின் நுனியை வாங்கிச் சுவரோரம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். மற்றக் கை, யாரையோ நேராக நிற்கச் சொல்வதுபோல், தானாகச் சுவரில் பதிந்தது. நான் நாடாவை மேலே இழுத்தேன். அது ஒவ்வொரு பென்சில் கோடாகத் தாண்டிப் போயிற்று. கடைசிக் கோட்டில் என் கை நின்றுவிட்டது.

"இன்னும் மேல போடி," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமலே.